தூதுவளை: வளர்ப்பும் வாரியமும்

தூதுவளை, கத்தரிக் குடும்பத்தைச் சேர்ந்த, பல்லாண்டு வாழும் முட்கொடி. கத்தரியும் தக்காளியும் உருளைக்கிழங்கும் அதற்கு நெருங்கிய சொந்தம். அவை மூன்றும் சந்தைக்குப் போய்ச் சம்பாதித்துக் குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்றுகின்றன. தூதுவளை மட்டும் ஊரோடு தங்கிவிட்டு வேலி வேலியாகத் திரிகிறது. எல்லாக் குடும்பத்திலும் இப்படி ஒருவர் இருப்பார். வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போனால் மட்டும் அவர் நினைவு வரும்.

தூதுளை, தூதுவேளை, தூதுளங்கீரை, சிங்கவல்லி என்று இதற்குப் பெயர்கள் பல. கார்ல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் 1753இல் வெளியிட்ட 'ஸ்பீசீஸ் பிளாண்டாரம்' என்னும் நூலில் இதற்கு 'சொலானம் டிரைலோபேட்டம்' என்று பெயர் வைத்தார். டிரைலோபேட்டம் என்றால் மூன்று மடல் கொண்டது. அவர் இந்தியாவுக்கு வந்ததில்லை. வந்து ஒரு கொடியை நேரில் பார்த்திருந்தால் மடல் எண்ணும் வேலையில் இறங்கியிருப்பாரா என்பது சந்தேகம். ஒரே கொடியில் ஓர் இலை மூன்று மடலோடும், அடுத்தது ஐந்து மடலோடும், அதற்கடுத்தது லேசாக நெளிந்துவிட்டு மடலே இல்லாததுபோலவும் இருக்கும். பெயர் வைத்தவர் சொன்னபடி நடக்க வேண்டும் என்ற கட்டாயம் பிள்ளைகளுக்கே இல்லாதபோது செடிக்கு எங்கிருந்து வரும்?

தண்டு, கிளை, இலைக்காம்பு, இலையின் நடுநரம்பு, அந்த நரம்பின் அடிப்புறம் என எங்கும் முள். எல்லா முள்ளும் சிறியது, கீழ்நோக்கி வளைந்தது. கொடிக்குள் கை போகும்போது ஒன்றும் செய்யாது. 'முள்ளா? எங்கே?' என்று கேட்கிற மாதிரி வழிவிடும். கையை வெளியே இழுக்கும்போதுதான் சட்டைக் கை, வளையல், தோல் என அகப்பட்டதை எல்லாம் பிடித்துக்கொள்ளும். கந்துவட்டிக்காரரிடம் கடன் வாங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை.

இந்த முள்தான் கொடிக்குக் கையும் காலும். பாகலுக்கும் பூசணிக்கும் உள்ளதுபோல் சுருண்டு பிடிக்கும் பற்றுக்கம்பி இதற்கு இல்லை. பக்கத்தில் உள்ள எதன்மேலாவது முள்ளைக் கொக்கிபோல் மாட்டி, தொற்றித் தொற்றி மேலே போகும். அதனால் வழவழப்பான சுவரில் ஏற முடியாது. உத்திரமேரூர் வட்டாரத்தில் கொல்லைக்கும் தோட்டத்துக்கும் வேலிகாத்தான் முள்ளை வெட்டிப் போட்டு வேலி கட்டிய காலத்தில் தூதுவளைக்கு இடப் பஞ்சமே இருந்ததில்லை. சீமைக்கருவேலத்துக்குத்தான் இந்தப் பக்கம் வேலிகாத்தான் என்று பெயர். இப்போது ஹாலோபிளாக் காம்பவுண்டு சுவர் எழுந்து, அதற்கு ஊதா பெயின்ட்டும் அடித்த பிறகு, கொடி சுவரின் அடியில் தரையோடு படுத்துக்கொண்டு மேலே பார்க்கிறது. சுவரின் நிறமும் அதன் பூவின் நிறமும் ஒன்றாக இருப்பது மட்டும் மிச்சம்.

வளர்ப்பவர் முதலில் செய்ய வேண்டியது, இது தூதுவளைதானா என்று பார்ப்பது. கண்டங்கத்திரிக்கும் இதே ஊதாப் பூ, இதே முள், இதே குடும்பம். ஆனால் அது தரையோடு படர்வது. அதன் முள் நீளமாக, நேராக, எந்த ஒளிவுமறைவும் இல்லாமல் நிற்கும். பழுத்தால் காய் மஞ்சளாகும். தூதுவளையின் காய் பட்டாணியைவிடச் சற்றுப் பெரியதாக, பச்சையில் வெள்ளை வரியோடு இருந்து, பழுத்தால் நல்ல சிவப்பாகும். சந்தேகம் தீராதவர்கள் ஊரில் வயதான ஆயா யாரிடமாவது காட்டலாம். ஆயா இலையைப் பார்ப்பார், கிள்ளி மோந்து பார்ப்பார், பிறகு "இது எங்க கொல்லைல இருந்து தானே பறிச்சே?" என்று கேட்பார். அப்படிக் கேட்டால் செடி சரியானதுதான்.

விதையிலிருந்தும் வளர்க்கலாம், தண்டை வெட்டி நட்டும் வளர்க்கலாம். விதைக்கு, சிவந்து கனிந்த பழத்தைத் தண்ணீரில் பிசைந்து, அடியில் தங்கும் விதையை எடுத்துச் சாம்பல் புரட்டி நிழலில் உலர்த்த வேண்டும். செம்மண்ணும் மணலும் மக்கிய தொழுவுரமும் கலந்த தட்டில் மேலாகத் தூவி மூடினால் இரண்டு மூன்று வாரத்தில் முளை காட்டும். நாற்று விரல் உயரம் வந்ததும் பிடுங்கி நடலாம். இத்தனையும் பொறுமையுள்ளவர்களுக்கு. மற்றவர்கள் பென்சில் பருமனில், ஒரு சாண் நீளத்தில், மூன்று நான்கு கணு இருக்கும்படி முற்றிய தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு சாய்த்து ஊன்றிவிடுவார்கள். ஆடி, ஆவணியில் ஊன்றினால் ஐப்பசி மழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். தலைகீழாக ஊன்றிவிடக் கூடாது. தலை எது, கால் எது என்பதை முள் சொல்லிவிடும். வளைவு பார்க்கும் பக்கம் பூமி.

தண்டு எங்கே கிடைக்கும் என்பதைத் தோட்டக்கலை நூல்கள் சொல்வதில்லை. நர்சரியில் விலைக்குக் கிடைக்கும். ஆனால் வேலியில் கிடப்பதற்கு யார் பணம் கொடுப்பார்கள்? மணி பிளான்ட்டைத் திருடி நட்டால்தான் தழைக்கும் என்று நம்புகிற நாட்டில், மற்றச் செடிகளுக்கும் அந்தச் சலுகையை நீட்டிக்கொள்வது வழக்கமாகிவிட்டது. இந்தத் திருட்டு விஷயம் பின்னால் விரிவாக வருகிறது.

நட்ட பிறகு செய்ய வேண்டிய முக்கியமான பராமரிப்பு, செடியை விட்டுவிடுவது. இது சொல்வதற்கு எளிது. இக்கட்டுரையாளர் ஒரு முறை மொட்டைமாடியில், பெரிய பெயின்ட் டப்பாவில், மண்புழு உரமெல்லாம் போட்டு ஒரு தண்டை ஊன்றினார். காலையில் ஒரு செம்பு, மாலையில் ஒரு செம்பு, இடையில் மனசு கேட்காமல் அரைச் செம்பு. டப்பாவின் அடியில் ஓட்டை போட மறந்தது நான்காவது வாரம் தண்டு கறுத்துச் சாய்ந்தபோதுதான் தெரிந்தது. இழுத்துப் பார்த்தால் வேர் இருந்த இடத்தில் கொழகொழவென்று ஏதோ கையோடு வந்தது. ஊன்றியதுபோக மிஞ்சிய இரண்டு துண்டுகளைக் கொல்லைப்புறக் குப்பைமேட்டில் வீசியிருந்தார். அவற்றில் ஒன்று அந்த மழைக்கே துளிர்விட்டு, அங்கே கிடந்த உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகைப் பிடித்து ஏறி, மார்கழியில் பூத்தது. நீர் தேங்கினால் தூதுவளை வேர் அழுகும். வெயில் நன்றாக வேண்டும். மண் காய்ந்த பிறகு தண்ணீர் விட்டால் போதும். அன்பு வேண்டாம்.

உத்திரமேரூரின் தட்பவெப்பம் இதற்குப் பொருத்தமானது. வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை ஏரியையும் கொடியையும் ஒன்றாக நிரப்பும். பல்லவர் காலத்தில் வெட்டப்பட்டு வயிரமேக தடாகம் என்று கல்வெட்டில் பெயர் பெற்ற அந்தப் பெரிய ஏரி தளும்பும் மாதங்களில் வேலியில் இலை நன்றாக அகன்று வரும். சித்திரை, வைகாசியில் கத்திரி வெயில். கத்தரிக் குடும்பத்துக் கொடிக்குக் கத்திரி வெயில் ஒன்றும் பெரிய பகையில்லை. இலையைச் சிறிதாக்கிக்கொண்டு, கீழ் இலைகளை உதிர்த்துவிட்டு, வெறும் முள்ளும் தண்டுமாக, செத்ததுபோல் படுத்துவிடும். நகரத்திலிருந்து விடுமுறைக்கு வருபவர்கள் அப்போதுதான் அதைப் பார்த்துவிட்டுக் காய்ந்துபோயிற்று என்று பிடுங்கி எறிவார்கள். கோடை மழை ஒன்று பெய்யும்வரை பொறுத்தால் அடியிலிருந்து மறுபடியும் தளிர் வரும்.

பூ தனியாகப் பேச வேண்டிய சங்கதி. ஐந்து ஊதா இதழ் நட்சத்திரமாக விரியும். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டி, கிளியின் அலகுபோல் நீட்டிக்கொண்டிருக்கும். பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் வெளியே தெரியாது. பைகளின் நுனியில் நுண்ணிய துளை மட்டும் உண்டு, பவுடர் டப்பாவின் மூடியில் இருப்பதுபோல. டப்பாவைக் குலுக்கினால்தானே பவுடர் வரும்? குலுக்குவதற்கென்று கறுப்பாக, கட்டைவிரல் நுனி பருமனில், மரத்தைக் குடைந்து வாழும் பெரிய வண்டு ஒன்று வரும். பூவைத் தலைகீழாகக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இறக்கையை அசைக்காமல், மார்புத் தசையை மட்டும் அதிரவிடும். 'ர்ர்ர்' என்று ஒரு சத்தம், பூவோடு காம்பும் நடுங்கும், வண்டின் வயிறெல்லாம் மஞ்சள் பொடி. சாதாரணத் தேனீக்கு இந்த வித்தை வராது. அது வந்து பூவைச் சுற்றிப் பார்த்துவிட்டு, பூட்டிய கடையைப் பார்த்த வாடிக்கையாளரைப்போலத் திரும்பிவிடும். காலை ஏழு மணி வாக்கில் வேலியோரம் நின்றால் இந்தச் சத்தத்தைக் காதாலேயே கேட்கலாம். யாரோ தூரத்தில் மோட்டாரைப் போட்டுவிட்டு உடனே நிறுத்துகிறார்கள் என்று பல காலமாக நினைத்துக்கொண்டிருந்தவர்கள் உண்டு.

இனி எதிரிகள். முதலாவது புள்ளி வண்டு. ஆரஞ்சு நிற முதுகில் கறுப்புப் புள்ளிகள் வைத்த, பார்க்க அழகான பூச்சி. இதன் அறிவியல் பெயருக்கே '28 புள்ளி உடையது' என்றுதான் அர்த்தம். மடல் எண்ணத் தவறினாலும் புள்ளி எண்ணுவதில் அறிவியல் கெட்டிதான். வண்டும், மஞ்சளாக உடம்பெல்லாம் முள்முள்ளாக இருக்கும் அதன் புழுவும் இலையின் பச்சையைச் சுரண்டித் தின்றுவிட்டு நரம்பை மட்டும் விட்டுவைக்கும். சல்லடைபோல் ஆன இலையைப் பார்த்தால் வந்துபோனது யார் என்று தெரியும். கத்தரித் தோட்டம் பக்கத்தில் இருந்தால் வரவு அதிகம். மாவுப்பூச்சியும் வரும், தளிர்க் கணுவில் வெள்ளைப் பஞ்சாக ஒட்டிக்கொள்ளும். வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளித்தால் இரண்டும் ஓரளவு அடங்கும். சமையலுக்குப் பறிக்கும் கொடி என்பதால் கடை மருந்து எதுவும் வேண்டாம். பொறுமை இருந்தால் வண்டைக் கையால் பொறுக்கிப் போடலாம். பொறுக்கும்போது புள்ளி எண்ணிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் பொறுக்கி முடிப்பதில்லை.

இரண்டாவது வெள்ளாடு. முள் இருப்பதால் ஆடு தொடாது என்பது ஆடு வளர்க்காதவர்களின் கருத்து.

மூன்றாவது மனிதர். இந்த எதிரிக்கு வேப்பெண்ணெய் உதவாது. இருமல் இல்லாத மாதங்களில் தூதுவளை ஒரு முட்புதர். "இத வெட்டிப் போட்டாத்தான் இன்னா, புள்ளைங்க கால்ல குத்துது" என்பார்கள். கார்த்திகை பிறந்து பனி இறங்கி, பஜனைக் கோயில் ஒலிபெருக்கியில் பாடுகிறவரின் தொண்டையே கட்டிக்கொண்டதும், அதே புதர் மூலிகையாகிவிடும். முதலில் வருபவர் வாசலில் நின்று முறையாகக் கேட்பார். "ரெண்டு எல பறிச்சிக்கறேன், கொழந்தைக்குச் சளி." இந்த 'ரெண்டு' என்னும் எண்ணின் மதிப்பு கேட்பவரின் பைக்கேற்ப மாறும். புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டால் ரெண்டு என்பது ஒரு கைப்பிடி. மஞ்சள்பையோடு வந்தால் ரெண்டு என்பது வேலியின் ஒரு பக்கம். அடுத்து வருபவர் கேட்க மாட்டார், அறிவுரை சொல்வார். கொழுந்தைக் கிள்ளினால்தான் கொடி நன்றாகக் கிளைக்கும் என்று விளக்கிக்கொண்டே கிள்ளுவார். அவர் சொல்வது தாவரவியல்படி சரி என்பதால் பதில் பேச முடியாது. மூன்றாமவர் விடியுமுன் நடைப்பயிற்சிக்குப் போகிறவர். அவர் யார் என்று யாருக்கும் தெரியாது. முள்ளில் மாட்டிக் கிழிந்த மப்ளர் நூல் மட்டும் சாட்சி.

2020ஆம் ஆண்டு இந்த மூன்று வகையாரும் ஒரே நாளில் வந்தார்கள். கபசுரக் குடிநீர் என்ற பெயர் ஊரெங்கும் ஒலித்த காலம் அது. அதில் சேரும் சரக்கு பதினைந்து. தூதுவளை அந்தப் பதினைந்தில் இல்லை. இந்தச் செய்தி வேலிக்கு வந்து சேருமுன் வேலியில் இலை இல்லை.

அடுத்த வீட்டுக் கீரைக்கு ஆசைப்படுவது உத்திரமேரூருக்கு மட்டும் உரிய குணம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஐரோப்பாவில் ராம்பியன் என்றொரு செடி உண்டு. அதற்கும் ஊதா நிறப் பூ, மணி வடிவத்தில் இருக்கும். இலையையும் முள்ளங்கி மாதிரியான வேரையும் தின்பார்கள். தூதுவளைக்குப் பெயர் வைத்த அதே 1753ஆம் ஆண்டு நூலில் லின்னேயஸ் அதற்கும் பெயர் வைத்திருக்கிறார். குளிர் நாட்டுச் செடி, கத்திரி வெயிலில் இரண்டு நாள் தாங்காது. ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட நாட்டார் கதைத் தொகுப்பில் இதை வைத்து ஒரு கதை இருக்கிறது. வாயும் வயிறுமாக இருக்கும் பெண் ஒருத்திக்குச் சன்னல் வழியே தெரியும் அடுத்த வீட்டுத் தோட்டத்துக் கீரையின்மேல் மசக்கை ஆசை. புருஷன் சுவரேறிக் குதித்துத் திருடி வருகிறான். ருசி கண்டபின் ஆசை மூன்று மடங்காகிறது. இரண்டாம் தடவை போனபோது தோட்டக்காரியான சூனியக்காரியிடம் மாட்டிக்கொள்கிறான். கீரைக்கு விலையாகப் பிறக்கப்போகும் குழந்தையைக் கேட்கிறாள், அவனும் சரி என்கிறான். குழந்தைக்கு அந்தக் கீரையின் ஜெர்மன் பெயரையே வைக்கிறாள்: ராபன்ஸல். நீளக் கூந்தலோடு கோபுரத்தில் அடைபட்ட அந்தப் பெண்ணை உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் தெரியும். அவள் பெயர் ஒரு கீரையின் பெயர் என்பதுதான் பலருக்குத் தெரியாது. தமிழ்நாட்டில் மல்லிகா உண்டு, முல்லை உண்டு, துளசி ஏராளம். தூதுவளை என்று பெண்ணுக்குப் பெயர் வைத்ததாகத் தகவல் இல்லை. இத்தனைக்கும் இங்கே நடந்திருக்கும் கீரைத் திருட்டுகளின் எண்ணிக்கைக்கு, ஒவ்வொரு பள்ளி வகுப்பிலும் நான்கு தூதுவளைகளாவது இருந்திருக்க வேண்டும்.

இந்த விவகாரத்தைச் சூனியக்காரியிடம் விடாமல் சட்டமாக எழுதிவைத்த ஊர் உத்திரமேரூர். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஊரை முப்பது குடும்பாக, அதாவது முப்பது பகுதியாகப் பிரித்து, பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்லி, வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறையை அவை விளக்குகின்றன. தேர்ந்தவர்களில் பன்னிரண்டு பேர் சம்வத்சர வாரியம் என்னும் ஆண்டு வாரியம், ஆறு பேர் ஏரி வாரியம். தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர். ஏரிக்கு ஆறு, தோட்டத்துக்குப் பன்னிரண்டு! அத்தனை பெரிய ஏரியைப் பார்க்க ஆறு பேர் போதும், தோட்டத்தைப் பார்க்க மட்டும் அதில் இரண்டு மடங்கு ஆள் ஏன் என்று வரலாற்று மாணவர்கள் குழம்பலாம். வேலியில் கொடி வைத்திருப்பவர்கள் குழம்ப மாட்டார்கள். ஏரியை யாரும் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு போவதில்லை.

வாரியத்தில் இருக்க 921ஆம் ஆண்டு விதிப்படி வயது 35க்கு மேல், 70க்குள். சொந்த மனையில் வீடு. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம். இங்கே வேலி என்பது நில அளவு. தூதுவளை வளர்க்கவும் கால் வேலி போதும், அது வேறு வேலி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் வரக் கூடாது, அவருடைய உறவினரும் வரக் கூடாது. சிற்றன்னை, பெரியன்னை மக்கள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மைத்துனன், மருமகன் என்று அந்தப் பட்டியல் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்போல நீண்டுகொண்டே போகிறது. பிறர் பொருளைத் திருடியவரும் வரக் கூடாது. ஆக, ராபன்ஸலின் தகப்பனார் உத்திரமேரூரில் பிறந்திருந்தால் அவருடைய ஓலை குடத்துக்குள் போயிருக்காது. வேலிக்கு வெளியே தொங்கும் கொழுந்து பிறர் பொருளா, ஊர்ப் பொருளா என்பதைக் கல்வெட்டு தெளிவுபடுத்தவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டாக வழக்கு நிலுவையில் இருக்கிறது. ஒன்று மட்டும் உறுதி. விதியைக் கறாராகக் கடைப்பிடித்து, பக்கத்து வேலியில் ஒரு முறையாவது கைவைத்தவர்களை எல்லாம் நீக்கினால், இன்றைக்குத் தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் தேற மாட்டார்கள்.

அறுவடைக்கு வருவோம். நட்ட மூன்று நான்கு மாதத்தில் இலை கிள்ளத் தொடங்கலாம். இளங்கொழுந்தும் அதற்கடுத்த நான்கைந்து இலையும்தான் சமையலுக்கு. கத்தரிக்கோல் கொண்டு வெட்டினால் கைக்கு நல்லது. கிராமத்தில் யாரும் அப்படிச் செய்வதில்லை. இடக்கையால் நுனியைப் பிடித்துக் கொடியை லேசாகத் தூக்கி, வலக்கை நகத்தால் காம்பை மேலிருந்து கீழாக ஒடிப்பார்கள். முள்ளின் வளைவுக்கு எதிர்த்திசையில் விரல் போகாதவரை ஒன்றும் ஆகாது. விளக்கு வைத்த பிறகு பறிக்கக் கூடாது என்று ஒரு நம்பிக்கை. இருட்டில் முள் தெரியாது என்பதைவிட அழுத்தமான காரணம் அதற்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனால் மாலையில் மஞ்சள்பையோடு வருபவர்களைத் திருப்பி அனுப்ப இந்த நம்பிக்கை கொடுக்கும் ஒத்தாசை கொஞ்சநஞ்சமல்ல.

பறித்த இலையை முறத்தில் கொட்டி முள் எடுப்பது ஒரு மதிய வேலை. ஒவ்வோர் இலையாகக் குப்புறத் திருப்பி, நடுநரம்பைக் காம்போடு சேர்த்துப் பிடித்து நுனிவரை உரிக்க வேண்டும். இருபது இலை வரை சிரத்தையாக நடக்கும். அதற்குமேல் தொலைக்காட்சியில் தொடர் ஆரம்பித்துவிடும். மிச்ச முள்ளெல்லாம் நல்லெண்ணெயில் வதக்கினால் இளகிவிடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு இலை வாணலிக்குப் போகும். சிறு முள் உண்மையிலேயே இளகும். பெரிய முள் இளகினதா என்பதை முதல் கவளம் சாப்பிடுபவர் சொல்வார். வீட்டில் முதலில் சாப்பிட உட்காருவது பெரும்பாலும் ஆண்பிள்ளை என்பதால், இந்தச் சோதனைக்கு ஆள் தேட வேண்டியதில்லை.

முறம் நிறைய இலை வதங்கியதும் ஒரு கைப்பிடியாகச் சுருங்கும். அத்தோடு வறுத்த உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், நாலு பல் பூண்டு, புளி, ஒரு கீற்றுத் தேங்காய், உப்பு சேர்த்து அம்மியில் அரைத்தால் துவையல். மிக்சியிலும் அரைக்கலாம், நைசாகிப் பசையாகிவிடாமல் நிறுத்தத் தெரிந்தால். லேசான கசப்பும் தொண்டையில் ஒரு கார்ப்பும் இருக்கும். சுடுசோறும் நல்லெண்ணெயும் அதைச் சரிக்கட்டும். மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு ரசம் வைக்கலாம். ஊறவைத்த புழுங்கலரிசியோடு இலையை அரைத்துத் தோசை வார்க்கலாம்; பச்சைத் தோசையைக் கண்டு ஓடும் குழந்தைகளுக்கு என்ன பெயர் சொல்லிக் கொடுப்பது என்பது அவரவர் கற்பனை. பூவைப் பாலில் காய்ச்சிக் குடிப்பவர்கள் உண்டு. காயை மோரில் ஊறவைத்துக் காயவைத்து வற்றலாக்குவார்கள். பச்சைக் காயை அப்படியே மெல்ல வேண்டாம். இந்தக் குடும்பத்தாரின் பச்சைக் காய்களில் வயிற்றைப் பதம்பார்க்கும் சரக்கு உண்டு. சித்த மருத்துவம் தூதுவளையைக் கபத்துக்கான மூலிகைகளில் சேர்க்கிறது. வள்ளலார் சிறப்பித்த கீரைகளில் இதுவும் ஒன்று. துவையல் சாப்பிட்ட பிறகும் இருமல் வாரக்கணக்கில் நின்றால், அடுத்த படி இன்னும் ஒரு முறம் இலை கிடையாது, மருத்துவமனை.

கொடி மூன்று நான்கு ஆண்டில் அடிமரம் முற்றி, இலை சிறுத்து, முள் மட்டும் செழிக்கும். வருஷத்துக்கு ஒரு முறை மழைக்கு முன் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டால் புதுத் தளிர் விட்டு இன்னும் பல ஆண்டு நிற்கும். எல்லோருக்கும் தெரிந்த இந்த வேலையை யாரும் செய்வதில்லை. முள்ளுக்குப் பயந்து அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளிப்போட்டு, கொடி வேலியோடு பின்னிப் பிணைந்து, வெட்ட வேண்டுமானால் வேலியையே வெட்டியாக வேண்டும் என்ற நிலை வந்ததும் நிம்மதியாக விட்டுவிடுவார்கள்.

கிழக்கொடிக்கு வாரிசு தேடும் பொறுப்பைக் கொண்டைக்குருவி எடுத்துக்கொள்கிறது. சிவந்த பழத்தை விழுங்கிவிட்டு, எங்கே உட்கார்ந்து எச்சமிடுகிறதோ அங்கே அடுத்த தலைமுறை. கொண்டைக்குருவி உட்கார விரும்பும் இடங்களில் முதலிடம் மின்கம்பி. அதனால் ஊரில் செழிப்பான தூதுவளைகள் பலவும் தெருமுனை மின்கம்பத்தின் அடியில் முளைத்தவை. கம்பத்தை இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பி, முறுக்கும் சொரசொரப்புமாக, முள் மாட்டுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். அங்கே வேலி இல்லை, வீட்டுக்காரர் இல்லை, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றும் அன்பும் இல்லை.

சோழர் காலத்து வாரியங்களில் ஏரி வாரியத்தின் வேலை இப்போது நீர்வளத்துறையிடம் இருக்கிறது. தோட்ட வாரியத்துக்கு வாரிசு இல்லை என்று சொல்வது சரியாகாது. வாரியம் என்ற அந்தச் சொல்லை இன்றும் ஊர் வாயில் வைத்திருப்பது மின்வாரியம். பருவமழைக்கு முன், கம்பியில் உரசும் கிளைகளைக் கழிக்க ஏணியும் துரட்டியும் கொடுவாளுமாக ஊழியர்கள் வருவார்கள். ஸ்டே கம்பியில் ஏறிய தூதுவளையை முழங்கால் உயரத்துக்கு ஒரே வெட்டாக வெட்டி இழுத்துப் போடுவார்கள். எந்த மாதம் வெட்ட வேண்டும், எவ்வளவு விட்டு வெட்ட வேண்டும் என்று தோட்டக்கலை சொல்கிறதோ, அச்சு அசலாக அதே. வெட்டிப் போட்ட குவியலைச் சுற்றி ஐந்து நிமிடத்தில் தலைப்பும் மஞ்சள்பையும் கூடிவிடும். ஏணியிலிருந்து இறங்கியவர் ஒரு முறை இருமிவிட்டு, கொழுந்தாகப் பார்த்து நாலு கொத்தை ஒடித்துத் துண்டில் முடிந்துகொண்டு சைக்கிளில் ஏறுவார்.